புள்ளலூர் வயலோரத்தில் ஒரு சமையல்

என் கணவர் இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். யாராவது "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டால், "நான் சுட்டதெல்லாம் ரொட்டிதான்" என்பார். அங்கே அவர் சமையற்காரர்.

நான் தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கினோம். உத்திரமேரூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து அதை வீடாக மாற்றினோம். உள்ளே ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, இரண்டு அலமாரி. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. கோயில் கோயிலாகப் போகப்போகிறோம் என்று தெருவே நினைத்தது. அவருக்கோ கோட்டைகளையும் பழைய போர்க்களங்களையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தை மாதக் காலையில் முதலில் வந்தவாசிக்குப் போனோம். கோட்டையென்று அங்கே அதிகம் மிச்சமில்லை. மண்மேடு, அகழி, முள்செடிகளுக்குள் கொஞ்சம் மதில். நான் அகழியில் நின்ற கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேட்டைச் சுற்றி வந்து, "இவ்ளோ பேருக்குத் தண்ணி எங்கேர்ந்து எடுத்திருப்பானுங்க?" என்றார். எந்தக் கோட்டைக்குப் போனாலும் அவருக்கு இதே கவலைதான். பீரங்கி எங்கே நின்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பெருநகரில் டீ குடித்து, ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரம் தாண்டி, புள்ளலூர் போய்ச் சேரும்போது உச்சிவெயில். அந்தக் காலத்தில் மைசூர்ப் படையும் வெள்ளைக்காரர்களின் கும்பினிப் படையும் மோதிக்கொண்ட ஊர் அது. செத்துப்போன இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கே இரண்டு கல்தூண்கள் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றைத் தேடி வண்டிப் பாதையில் இறங்கினோம். வேனைத் திருப்பும்போது பின்சக்கரம் வாய்க்கால் ஓரத்தில் புதைந்துவிட்டது.

பக்கத்து வயலில் நான்கு பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேலே ஆண்சட்டை போட்டிருந்த ஒருத்தி கரையேறி வந்தாள். அந்த நிலம் அவளுடையது.

"இன்னா சார், இந்தப் பக்கமா வுட்டுட்டீங்க? அடியில பூரா சேறா கீதே! எங்க அண்ணன் டிராக்டர் அந்தாண்ட ஓட்டிக்கினு கீறாரு. வர ஒரு மணி நேரம் ஆவும். இருங்க."

"நீங்கள்லாம் சாப்ட்டாச்சாம்மா?" என்று கேட்டார் இவர்.

"இன்னும் இல்ல சார். வேல முடிஞ்சாத்தான்."

அவ்வளவுதான். வேனுக்குள் போய் அரிசியும் பயத்தம்பருப்பும் களைந்து குக்கரில் ஏற்றிவிட்டார். நான் இஞ்சி நறுக்கினேன். அது வேகும் நேரத்தில் அந்தப் பெண் எங்களைக் கூப்பிடு தூரத்திலிருந்த தூண்களிடம் கூட்டிப்போனாள். கல்லில் வெட்டியிருந்த ஆங்கிலத்தை நான் படித்துச் சொன்னேன்.

"இவுங்க ரெண்டு பேரு. மிச்சம் செத்தவங்க?" என்று கேட்டாள் அவள்.

"அவங்களுக்குக் கல்லு இல்லம்மா," என்றேன். இரண்டு பக்கமும் சிப்பாய்களாக நின்றவர்களில் பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். யாரென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் "பாவம்" என்று சொல்லிவிட்டு நடவுக்குப் போய்விட்டாள்.

இவர் மட்டும் தூணடியிலேயே நின்றார். நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது பேச ஆரம்பித்தார்.

"மலையில இருந்தப்போ ஒரு நாள் முப்பத்தாறு பேருக்கு ரொட்டி சுட்டு வெச்சேன். மேல போனவங்கள்ல இருபத்தொன்பது பேருதான் திரும்பினாங்க."

நான் திரும்பி அவர் பக்கத்தில் வந்தேன்.

"மிச்ச ரொட்டிய இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. துணி போட்டு மூடி வெச்சேன். மறுநாள் அதையே சூடு பண்ணிக் குடுத்தேன். யாரோட பங்குன்னு தெரிஞ்சுதான் சாப்ட்டாங்க."

கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் இதை அவர் சொன்னதில்லை. வீட்டில் ஒரு கரண்டி சோறு மிஞ்சினால்கூட அவர் முகம் மாறிவிடும். கஞ்சத்தனம் என்று நினைத்து எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அதையெல்லாம் நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. "குக்கர் விசில் அடிக்குது, வாங்க," என்றேன்.

மிளகும் நெய்யும் மணக்க, வரப்பில் உட்கார்ந்து எல்லோரும் பொங்கல் சாப்பிட்டோம். அந்தப் பெண் இரண்டாவது முறை தட்டை நீட்டி, "எங்க ஹோட்டல் வெச்சிருந்தீங்கக்கா?" என்று என்னைக் கேட்டாள். இவரைக் காட்டினேன். பெண்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டிராக்டர் வந்தது. அவள் அண்ணன் கயிறு கட்டினார். நானும் இன்னும் இரண்டு பெண்களும் பின்னாலிருந்து தள்ளினோம். மூன்றாவது இழுப்பில் வேன் ஒரு குலுக்கலோடு கரையேறியது. என் சேலையெல்லாம் சேறு.

"அடுத்த வாட்டி வந்தா ரோட்டாண்டயே நிறுத்திட்டு நடந்து வாங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

இவர் தலையாட்டிவிட்டு வேனை எடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டையையும் அன்றே பார்ப்பதாகத்தான் திட்டம். தார் ரோடு ஏறியதும், "இன்னிக்கு இது போதும்மா," என்றார். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் வேனை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துவிட்டு, பொழுது சாயும்வரை இருவரும் தூங்கினோம்.