தேஜு காதைப் பொத்திக்கொண்டாள்

தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன், நாறியது. சில நாட்களாகவே தேஜு வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகள், ஆறு வயது. எவ்வளவு வலித்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டாள்.

சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டாமல் போட மாட்டாள். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இதற்கு ‘சென்சரி ப்ராசஸிங்’ சிக்கல் (பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் அளவுக்கு மீறி மூளைக்குப் போய்ச் சேர்வது) என்று முன்பே ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருப்பவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

முதலில் போன மருத்துவமனையில் நாலு பேர் சேர்ந்து அவளை அமுக்கிப் பிடித்தார்கள். தலையைப் பிடித்தது நான். “ஒண்ணும் இல்ல கண்ணு” என்று காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் துள்ளிய துள்ளலில் யாராலும் எதையும் பார்க்க முடியவில்லை. சீழை இப்படியே விட்டால் காது கேட்காமலே போகலாம், சென்னைக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி என்றாலே நடுங்கினாள். அது நியாயம். ஆனால் நான் பேச வாயெடுத்தாலும் காதைப் பொத்திக்கொண்டாள். முன்பும் செய்வாள்தான், இந்த அளவுக்கு இல்லை. அப்பாவிடம் மட்டும் ஒட்டிக்கொண்டாள். நான் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போன பிறகு என் வீட்டுக்காரர் பிள்ளையிடம் என்னைப் பற்றி எதையோ ஓதுகிறார் என்று சந்தேகப்பட்டேன். கேட்டும் விட்டேன்.

“நான் இன்னாத்த சொல்லிக் குடுக்கப் போறேன்? புள்ள பயந்துகினு இருக்குது” என்றார். அதுவும் நடிப்பு என்றே எனக்குப் பட்டது.

பொன்னேரியில் ஒரு காது மருத்துவர் இருப்பதாக அவர்தான் விசாரித்து வந்தார். மீஞ்சூரிலிருந்து ரயிலில் போனோம். கூட்டம் இல்லாத மதிய நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார் அந்த டாக்டரம்மா. வெள்ளைக் கோட்டு இல்லை. ஃபேனை நிறுத்தி, பாதி விளக்கை அணைத்திருந்தார். நல்ல டாக்டர் என்றால் கூட்டம் இருக்காதா என்று எனக்குள் ஓடியது. கதவோரம் ஒரு நர்ஸ் நின்றாள். டாக்டர் சைகை காட்டியதும் பாய்ந்து பிடிப்பாள் என்று அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் தேஜுவைக் கண்டுகொள்ளவே இல்லாததுபோல் இருந்தார். ஓட்டோஸ்கோப்பை (காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் கைக்கருவி) அவளிடம் கொடுத்து, அப்பா காதுக்குள் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். அடுத்து என்னிடம் வந்தாள். “மெதுவா பாரு கண்ணு” என்றேன். கருவியை என் மடியில் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் என்னிடம் ஏதோ கேட்டார். “இன்னா மேடம்?” என்றேன். மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் அதே “இன்னா மேடம்?” அவர் எழுந்து என் முதுகுப் பக்கம் போனார். நான் நர்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பின்னாடி நின்னு உங்களக் கூப்பிட்டேம்மா. எங்க வேலை பாக்கறீங்க?” என்றார் டாக்டர்.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் என்றேன். அங்கே அந்தச் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொள்ள இயர் பிளக் கொடுப்பார்கள். ஆடிட் வரும் நாளில் மட்டும் எல்லோரும் மாட்டிக்கொள்வோம். மற்ற நாளில் போட்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று பையிலேயே கிடக்கும். அதையும் சொன்னேன்.

“உங்களுக்குக் காது மந்தமாயிருக்குன்னு நினைக்கறேன். அதான் உங்க குரல் எவ்ளோ பெருசா வருதுன்னு உங்களுக்கே தெரியல. புள்ளையால அதத் தாங்க முடியல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைக் காட்ட வந்தால் என்னையும் நோயாளியாக்கப் பார்க்கிறாளே இந்தப் பொம்பளை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். சொன்னால் சண்டைக்கு வருவேன் என்று இத்தனை நாளும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

தேஜுதான் சொன்னாள். “அம்மா திட்டல. ஆனா எப்பவும் கத்துது.”

அழுகை வந்துவிட்டது. சீழ் பிடித்த அந்தக் காதோரம் குனிந்து ஆறுதல் என்று நான் சொன்னதெல்லாம் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? உலகத்தில் எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். என் வாய் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குரலை இறக்கினேன். எனக்கே கேட்காத அளவுக்கு இறக்கினேன். “தேஜும்மா, யாரும் புடிக்க மாட்டாங்க. நீ நிறுத்துன்னா நிறுத்திடுவாங்க.”

சொன்னேனா, உதட்டை மட்டும் அசைத்தேனா என்று எனக்கு நிச்சயம் இல்லை. அவள் கைகள் இறங்கின. வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்து, வலது காதை டாக்டர் பக்கம் திருப்பினாள். நடுவில் ஒரு தடவை நிறுத்தச் சொன்னாள். டாக்டர் நிறுத்தினார். பிறகு அவளே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். நர்ஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

செவிப்பறையில் (காதுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) சின்ன ஓட்டை. மருந்து போட்டு, தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டதில் மூடிக்கொண்டது. எனக்கு ஆடியோகிராம் (எந்த அளவு சத்தம் காதுக்கு எட்டுகிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். இப்போது தினமும் இயர் பிளக் போட்டுக்கொண்டு மெஷினில் நிற்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் இன்றைக்கு ஆடிட்டா என்று கேலி செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் கூட்டமில்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அமுக்கிப் பிடிக்க விடாதீர்கள். அப்படியே உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று வீட்டில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் எனக்கு எதற்கும் முன்பைவிட நேரம் பிடிக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். நான் சொன்னது எனக்குக் கேட்பதில்லை. தேஜுவின் கைகளைப் பார்க்கிறேன். அவை மடியிலேயே இருந்தால் அடுத்த வார்த்தையைச் சொல்கிறேன்.