ஆப்பிள் மரத்தடியில் நிறுத்திய கார்

ஜெர்மனியில் நாங்கள் முதலில் குடியிருந்த சிற்றூரை ஆட்டோபான் நெடுஞ்சாலையோடு இணைப்பது, வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சின்னச் சாலை. ஓரமெல்லாம் ஆப்பிள் மரங்கள். அகதியாக வந்த புதிதில் நானும் கணவரும் சைக்கிளில் அங்கே போவோம். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, புளிக்கும் பிஞ்சுகளை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, மாங்காய் என்று நினைத்துத் தின்போம்.

போன கோடையில், இப்போது வசிக்கும் பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து காரில் அந்த வழியே போனோம்.

"இஞ்சாருங்கோ, எங்கட மரம் இன்னும் நிக்குது! நிப்பாட்டுங்கோ," என்றேன்.

கணவர் பழைய பழக்கத்தில் காய்ந்த புல்லின்மேல் ஏற்றி நிறுத்தினார். நான் முதல் காயைக் கடித்தபோது, மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இழுத்துவந்த விவசாயி ஒருவர் டிராக்டரை நிறுத்திக் கத்தினார். காருக்கு அடியில் புகை! சூடான சைலன்சர் பட்டுப் புல் பற்றிக்கொண்டிருந்தது.

"நீர் தள்ளி நில்லும்!" என்றபடி கணவர் ஓடிப்போய்க் காரைச் சாலைக்கு எடுத்தார். விவசாயி தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு நெருப்பை அணைத்தார். பக்கத்திலேயே அறுவடைக்கு நின்ற கோதுமை வயல்.

காய்ந்த புல்லில் தயவுசெய்து காரை நிறுத்தாதீர்கள்.

இந்தக் கோடையிலும் போனோம். காரை ஊருக்குள் கல் பதித்த தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு மரம்வரை நடந்தோம். காரில் ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துபோன சாலை, நடந்தபோது பழைய நீளத்துக்கு வந்துவிட்டது.