நான்கு ரிவர்ஸ் கியர்

கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சில் மாமா ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெட்டி பெட்டியாக வந்திறங்கிய இரும்புச் சட்டம், சிவப்பு ஃபைபர் உடல், இரண்டே இருக்கை. இதனால் அப்பாவின் கார் இரண்டு வருடமாகத் தெருவில் நின்று காக்கை எச்சம் வாங்கிக்கொண்டிருந்தது.

“தீபாவளிக்குள்ள இது ஓடலன்னா, பழைய இரும்பு லோரிக்காரனைக் கூப்பிட்டுருவேன் மச்சான். விளையாடல,” என்று அப்பா கெடு வைத்தார்.

டார்ச் பிடிப்பது என் உத்தியோகம். பள்ளியில் என்னைத் தலைமைப் பொறியாளர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

இஞ்சினும் கியர்பாக்ஸும் வேறொரு பழைய காரிலிருந்து வந்தவை. அதில் இஞ்சின் கியர்பாக்ஸுக்கும் பின்னால், காரின் கடைசியில் இருந்தது. இதிலோ இருக்கைகளுக்குச் சற்றுப் பின்னால், கியர்பாக்ஸுக்கு முன்னால் உட்கார வேண்டும். மாமா இரண்டையும் ஒன்றாகப் பூட்டி, அப்படியே முன்பின்னாகத் திருப்பி, போர்ச் உத்திரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார்.

“டேய், டார்ச்சை போல்ட்டுக்கு அடி லா! என் மூக்கையா முடுக்கப் போறேன்?” என்று மாமா அதட்டினார்.

அவ்வளவு பெரிய இரும்பு, மாமாவின் ஒற்றை விரலுக்குக் கட்டுப்பட்டு அந்தரத்தில் மெல்லத் திரும்பியது. அங்குலம் அங்குலமாக இறங்கியது. அதன் துளைகளும் சட்டத்தின் துளைகளும் நேருக்கு நேர் வந்து நின்றன. தேர் நிலைக்கு வந்ததைக் கண்டவன்போல் கைகூப்பிவிட்டேன். கூப்பிய கையிலிருந்த டார்ச் விழுந்து உடைந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் காலை. அம்மா சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் மாமா பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். இஞ்சின் உறுமியது. அப்பாகூட ஓர் அடி முன்னால் வந்தார். மாமா முதல் கியரைப் போட்டார்.

கார் பின்னால் போய்ச் செருப்பு அலமாரியைச் சாய்த்தது. இரண்டாவது கியருக்கும் பின்னால்தான். ரிவர்ஸைப் போட்டபோதுதான் முன்னால் நகர்ந்தது. கியர்பாக்ஸைத் திருப்பிய மாமா, அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தையும் பக்கம் மாற்றிப் போட மறந்திருந்தார். இனி அத்தனையையும் கழற்ற வேண்டும். மாமா இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ பிரமிப்பு தாங்கவில்லை. நான்கு ரிவர்ஸ் கியர்! கிள்ளானில் யாரிடம் இருக்கிறது?

“அப்பா, ஓடிச்சே! பின்னாடி ஓடினாலும் ஓடினதுதானே?” என்று வழக்காடினேன்.

அப்பா உள்ளே போனார். லோரிக்காரனுக்குப் போன் என்று நினைத்தேன். பழைய கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் புது டார்ச்சோடு திரும்பி வந்தார்.

“முதல்ல எந்த போல்ட்டைக் கழட்டணும், மச்சான்?”

மாமா கிரீஸ் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டதாக நினைத்துத் தண்ணீர் கொண்டுவர ஓடினேன்.

அப்பாவின் கார் மேலும் பல மாதங்கள் தெருவிலேயே நனைந்தது. போர்ச்சைத் திரும்பப் பிடிக்கக் கிடைத்த அருமையான சந்தர்ப்பத்தை இந்த மனிதர் இப்படிக் கோட்டை விட்டுவிட்டாரே என்று தலைமைப் பொறியாளர் வெகுநாள் வருத்தப்பட்டார்.