அவள் கேட்காத கிராங்

மகளைக் கட்டியவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டார். சைக்கிளுக்கு டைட்டானியம் சாமான் போட யோசிக்கிறாராம். விலை கண்ணைக் கட்டுகிறதாம், ஆனால் பாரம் நன்றாகக் குறையுமாம். "நீங்க அந்தக் காலத்தில சைக்கிளோடயே கிடந்த ஆள்தானே மாமா, அவ்வளவு காசுக்குப் பெறுமதியா?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. சொல்லத்தான் அலுப்பாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்முனைக்கு மேற்கே ஒரு வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தேன். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளி. அங்கே யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து மதகைத் திறந்து மூடுவதுதான் என் உத்தியோகம். விடியலில் சுபஹு தொழுதுவிட்டுச் சைக்கிளில் ஏறினால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் இறங்குவேன். வாய்க்கால் கட்டு வெயிலில் மணல், மழையில் களி. தண்டில் மண்வெட்டி கட்டியிருக்கும். போகம் முடிந்தால் விவசாயிகள் எனக்குக் கூலியாகத் தருவது நெல். அந்த மூட்டையையும் அதே சைக்கிள்தான் சுமக்கும். முப்பத்தைந்து வயதிலேயே என் முழங்கால் எழும்பும்போது ஒரு சத்தம், இருக்கும்போது ஒரு சத்தம் போட்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பான். வீடு அவள் பெயரில். சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயலும் அவள் பெயரில். அந்த வளவில் என்னுடையது என்று சொல்ல இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதைத் துடைப்பேன், எண்ணெய் விடுவேன், வேறு யாரும் தொட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். வேடிக்கையாகத்தான் இருக்கும். அப்போது எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

மனைவியின் தம்பி கட்டாரில் வேலை செய்தான். அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத வாசிக்க வராது. அவள் சொல்லச் சொல்ல அவனுக்குக் கடிதம் எழுதுவது நான்தான். ஒரு முறை அவன் எழுதியிருந்தான்: கூட்டாளி ஒருவன் ஊருக்கு வருகிறான், அவன் பெட்டியில் இரண்டு மூன்று கிலோவுக்குத்தான் இடம் தருவான், ராத்தாவுக்கு என்ன வேணும் என்று ஒன்றைச் சொல்லட்டும். அதே கடிதத்தின் கடைசியில் எனக்கும் ஒரு புதினச் செய்தி வைத்திருந்தான். அவன் கம்பனியில் இருக்கும் வெள்ளைக்கார எஞ்சினியரின் சைக்கிளை ஒரு விரலால் தூக்கலாமாம், டைட்டானியம் என்று ஒரு உலோகமாம், அங்கே ஒரு கடையில் அந்தச் சாமான் கிடைக்குமாம்.

மனைவி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரு கம்பளிப் போர்வை அனுப்பச் சொல்லுங்க. மாரி வந்தா எனக்குக் கைகால் எல்லாம் விறைக்கிது. வேற ஒண்ணும் வேணா" என்றாள். அவள் எவரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் பேனையை எடுத்தேன். போர்வை என்று எழுதவில்லை. 'இவருடைய முழங்கால் நோவைப் பார்க்க முடியவில்லை தம்பி, அந்தப் பாரமில்லாத சைக்கிள் சாமானை அனுப்பு' என்று அவள் சொன்னது போலவே எழுதினேன். எழுதி முடித்ததை வாசிக்கச் சொன்னாள். போர்வை என்றே வாசித்தேன். என் குரல் தடுமாறக்கூட இல்லை.

மழை தொடங்கியபோது பெட்டி வந்தது. அவள்தான் பிரித்தாள். உள்ளே பெடல் பூட்டும் கையான கிராங் இரண்டு, ஒரு அச்சு, குட்டியாக இரண்டு பெடல், ஒரு சீட் தண்டு. அடியில் தம்பியின் துண்டுக் கடிதம். அதை நான் வாசிக்கவில்லை. வாசிக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. கிராங்கைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "பாரமே இல்லதான்" என்றாள். அந்த மாரி முழுவதும் இரண்டு பழைய சாரனைச் சேர்த்துத் தைத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன்.

சைக்கிள் கடைக்காரர் கிராங்கைத் தட்டிப் பார்த்தார். "அச்சு எண்டா அந்த உலோகமா இரிக்கும். கிராங் அலுமினியக் கலவை. இரும்பு மாதிரி உறுதி இல்ல. முறுக்கி மிதிக்காதீங்க" என்றார். பூட்டினேன். முதல் வாரம் எனக்குச் சிறகு முளைத்தது போலத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வாய்க்கால் கட்டில் போகிறவனையெல்லாம் நிறுத்திக் காட்டினேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஒரு வயற்காரன் என் மண்வெட்டியையும் பின்னால் இருந்த விதைநெல் மூட்டையையும் பார்த்துவிட்டு, "காக்கா, ரெண்டு றாத்தல் குறைச்சிப்போட்டு ரெண்டு மரைக்கால் ஏத்திக்கிட்டுப் போறீங்களே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் அவன் மேல் எரிந்தது.

குட்டிப் பெடல்தான் எனக்குச் சரிவரவில்லை. வரம்பில் இறங்கி ஏறுகிற வெறுங்கால், எப்போதும் சேறு. வழுக்கி வழுக்கித் கணைக்கால் எலும்பெல்லாம் காயம் வந்தது போதாதென்று மானமும் போனது. கடைக்காரரிடம் போனால் ஏதாவது சொல்வார் என்று, பழைய இரப்பர் பெடலை நானே எடுத்து அந்தப் புதுக் கிராங்கில் முறுக்கினேன். மரை சரியாகப் பிடிக்கவில்லை. இன்னும் ஒரு இறுக்கு இறுக்கினேன்.

கோடையில் செய்யும் சின்னப்போகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் வட்டைக்கு இரண்டரை நாள், அதற்குப் பிறகு பெரிய மதகு அடுத்த வட்டைக்குத் திரும்பிவிடும். வட்டவிதானை தன் வீட்டு வயலுக்கு முதலில் தண்ணீர் விட்டால் ஊர் வாயை மூட முடியாது. அதனால் மனைவியின் இரண்டு ஏக்கருக்கு எப்போதும் கடைசியில்தான் விடுவேன். அதில் எனக்குப் பெரிய பெருமை. கஷ்டம் அவளுடைய வயலுக்கு, பெருமை எனக்கு.

அன்று எல்லோருடைய வயலும் முடிந்து, எங்கள் வயலுக்கு மட்டும் இரண்டு மணி நேரத் தண்ணீர் மிச்சம் இருந்தது. நெல் குடலையில் நின்றது. அந்தத் தண்ணீர் போகாவிட்டால் கதிர் வெளியே வராது. நான் வட்டையின் மறு கோடியில் நின்றேன், எங்கள் மதகைத் திறக்கப் புறப்பட்டேன். மணலில் எழும்பி நின்று ஒரு மிதி மிதித்தேன். இடது பெடல் கிராங்கிலிருந்த மரையையும் வழித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் போய் விழுந்தது. இரும்புக் கிராங் என்றால் ஒரு சுத்தியல் அடியில் சமாளித்திருக்கலாம். ஒற்றைக் காலால் மிதித்துப் பார்த்தேன், மணல் விடவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். புதுச் சாமானை யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உருட்டிக்கொண்டே நடந்தேன். எங்கள் மதகுக்கு வந்தபோது வாய்க்காலின் அடித்தரை தெரிந்தது.

அந்தப் போகம் அவளுடைய இரண்டு ஏக்கரும் பதர். அவள் ஒரு பிடியைக் கையில் எடுத்து ஊதினாள், எல்லாம் பறந்தது. ஏசுவாள் என்று காத்திருந்தேன். "முழங்கால் எப்படி?" என்று மட்டும் கேட்டாள். அது குத்தலா அக்கறையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் பழைய இரும்புக் கிராங்கையே திரும்பப் பூட்டினேன். முழங்கால் முன்பு போலவே நொந்தது.

அடுத்த ஆண்டு தம்பி லீவில் வந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் முற்றத்தில் நின்ற சைக்கிளை எட்டிப் பார்த்தான். "ராத்தா, நீ கேட்டண்டுதான் ரெண்டு மாசச் சம்பளத்தப் போட்டு அந்தச் சாமான வாங்கின. எங்க, மச்சான்ட சைக்கிள்ல காணல்லயே?"

நான் சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவள் அவனுக்கு மீன் ஆணம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஓம் தம்பி, நான்தான் கேட்ட. நல்லா ஓடின. இவர்தான் மழைக்காலத்துக்கு வேணாமெண்டு கழட்டி வெச்சிரிக்கார்."

அவன் திரும்பிப் போய் ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. நான் பேனையும் தாளும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கடிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, பதில் எழுதிக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் போனாள். அதற்குப் பிறகு ஒரு கடிதத்துக்கும் அவள் என்னைக் கூப்பிடவில்லை.