இரண்டு சாம்பிள்

சாயப்பட்டறையில் அவளைக் கழுகுக்கண் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட வெளியே வரும்போதே, "இந்த நீலத்துல ஒரு பொடி சிவப்பு அடிக்குது" என்பாள். காயவைத்துப் பார்த்தால் அடிக்கும். ஒன்பது வருஷம் ஈரத்தில் நின்றதில் அவள் பாதங்கள் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன.

மாடியில் ஷேடு ரூம். காய்ந்த தரை, ஒரு நாற்காலி, ஒரு விளக்குப் பெட்டி. வாடிக்கையாளர் அனுப்பிய சாம்பிள் துண்டையும் புதுத் துணியையும் அந்தப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அங்கே ஒரே ஒரு சட்டம்: ஒரு ஆர்டரின் துணியை இன்னொரு ஆர்டரின் சாம்பிளோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

அந்த நாற்காலி காலியாகியிருந்தது. திங்கட்கிழமை காலையில் பரீட்சை. கண் இருந்தது, ஆங்கிலம்தான் இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்ன மகள் டீச்சரானாள்.

"திஸ் ஈஸ் மோர் டார்க்கர்..."

"அய்யோ அம்மா! டார்க்கர்னாலே போதும். மோரும் சேர்த்தா, ஒரே சட்டியில ரெண்டு தடவை உப்பு போட்ட மாதிரி."

"உங்கப்பா அதையும் சாப்பிட்டுட்டுப் போவாரு."

"என்னை எதுக்கு வம்புக்கு இழுக்குறே?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

சின்னவள் மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்தாள். "ரெண்டை மட்டும் பார்த்தா ஸ்மாலர். மூணையும் பார்த்தா, இதுதான் ஸ்மாலஸ்ட். பியூட்டிஃபுல் மாதிரி நீள வார்த்தைக்குத்தான் மோர்."

அடுத்து, 'ஃபேர், ஃபேரர்' வந்தது. குழந்தையின் குரல் இறங்கிவிட்டது.

"இதுக்கு உதாரணம் கேட்டா அக்காவைச் சொல்லும்மா. என்னைவிட அக்கா ஃபேரர்னு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

பெரியவள் நல்ல நிறம், சின்னவள் கறுப்பு. அத்தைக்காரி வரும்போதெல்லாம் இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தி, "இது யார் சாடையோ!" என்று சிரித்துவிட்டுப் போவாள். அந்தச் சிரிப்பு இந்தப் பிஞ்சு நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது பெற்றவளுக்குத் தெரியாமல் போயிற்றே! கழுகுக்கண்ணாம், கழுகுக்கண்!

திங்கட்கிழமை, ஷேடு ரூம். டார்க்கர், டல்லர், லெஸ் ரெட், கடைசியில் 'தி பிரைட்டஸ்ட்' வரை அவள் பிசகாமல் சொன்னாள். மேனேஜர் அசந்துபோனார்.

"கடைசிக் கேள்விம்மா. ஃபேரர்னு வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்கதானே? அதுல யாரு?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒரே வாக்கியம், நாற்காலி அவளுக்கு. காய்ந்த தரையில் பதிந்திருந்த பாதங்கள் கெஞ்சின. நாக்கோ அசையவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

"டூ சாம்பிள், சார். டிஃபரன்ட் ஆர்டர். போத் பாஸ்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்ட வார்த்தை வரலையேம்மா?"

"வராது சார். அந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்குறது இந்த ரூம்ல தப்பு."

அவர் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு தப்புக்குறி போட்டார். பிறகு, "ஒரு மார்க் போச்சு. நாளைக்கு மாடிக்கு வந்துடுங்க" என்றார்.

சாயங்காலம் வாசலிலேயே காத்திருந்தாள் சின்னவள்.

"நாற்காலி கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுதுடி."

"அக்காவைச் சொன்னியா?"

"சொல்லலை. அதுல ஒரு மார்க் போச்சு." நடந்ததை அப்படியே சொன்னாள் தாய். சொல்லச் சொல்ல, குழந்தையின் உதடு துடித்தது.

"அப்போ... நானும் பாஸா?"

"உன் சாம்பிளுக்கு நீ அப்படியே அச்சுடி, என் தங்கமே!"

தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு புடவையில் முகம் புதைத்து அழுதாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தப் புடவைக்குள்ளிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"டூ சாம்பிள்ஸ்னு சொல்லணும்மா."