பாடி கறுப்பு, பார்டர் அரக்கு

காலை 5.40, காஞ்சிபுரம் செவிலிமேடு. மாடியிலிருந்து பையோடு இறங்கியவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். என் கறுப்பு மோட்டார் சைக்கிளுக்கு யாரோ பட்டுச்சேலை கட்டிவிட்டிருந்தார்கள்.

சேலை இல்லை, ஸ்டிக்கர். பெட்ரோல் டேங்கின் அடியோரம் தொடங்கி, இருபக்கமும் சுற்றி, முன்கழுத்து வரை அரக்கு நிறத்தில் ஒரு சாண் பார்டர். அதன் விளிம்பில் வரிசையாகக் கோபுரப் பற்கள். அதை இந்த ஊரில் ரேக்கு என்கிறார்கள். பக்கத்தில் கையில் ஸ்டிக்கர் வெட்டும் சின்னக் கத்தியோடு மேரி நின்றிருந்தாள். ஆறு மாதமாக நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி அவள். கீழ்த்தளத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறாள்.

"எப்டிக்கா இருக்குது? ஊருக்குப் போற வண்டிய பார்டர் இல்லாம மொட்டையா அனுப்புவாங்களா?"

"அடிப்பாவி, என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே!" என்று கத்தினேன். எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

காரணம் இருந்தது. நான் ஈப்போக்காரி, மலேசியா. ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாத வேலைக்கு வந்தபோது, என் வண்டியையும் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற்றிச் சென்னையில் இறக்கினேன். வெளிநாட்டு எண்ணோடு இங்கே வண்டி ஓட்ட வேண்டுமானால் கார்னே என்றொரு புத்தகம் வேண்டும். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் எண், சேசிஸ் எண், நிறம் எல்லாம் அதில் இருக்கும். நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரைக்கு அன்றுதான் எனக்குக் கடைசி நாள். அது விழாவிட்டால், வண்டியை இங்கேயே விற்றுவிட்டேன் என்று பொருளாகிவிடும். அதன்பின் என் வண்டி எனக்கில்லை. நானே பிரித்து நானே பூட்டிப் பதின்மூன்று வருடமாக ஓட்டும் வண்டி அது.

புத்தகத்தில் நிறம் கறுப்பு என்று இருக்கிறது. வண்டியோ அரக்காக நின்றது!

இதைச் சொன்னதும் மேரியின் முகம் சுருங்கிப்போனது. "உரிச்சிர்லாம்னா, சூடு காட்டி ஒட்டிட்டேன்கா. பெயின்டும் சேந்து வந்துரும்" என்றாள். பிறகு தலையில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "கெடுத்தது நானு. நானே வந்து பேசறேன், வண்டிய எடு."

6.15. வெள்ளைகேட் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினோம். சென்னை சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த ஆறு மாதத்தில் இந்த வண்டி ஒரு நாள்கூட சட்டத்துக்கு வெளியே ஓடியதில்லை. மாகறல் கோயிலுக்குப் போனாலும் திருப்புட்குழிக்குப் போனாலும் காகிதக் கட்டு கூடவே வரும். உள்ளூர்க் காப்பீடு, சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கார்னே. ஈப்போவில் சாலை வரி முடியும் முன்பே தங்கை புதுப்பித்து அனுப்பிவிட்டாள். காஞ்சிபுரத்தில் என்னை நிறுத்தாத போக்குவரத்துக் காவலர் இல்லை. "TN எங்கம்மா?" என்று ஆரம்பிப்பவர்கள், கடைசியில் "சரி போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெருமையெல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்றே என்று குமைந்துகொண்டே ஓட்டினேன்.

7.05, சுங்குவார்சத்திரம். டீ பதினைந்து ரூபாய். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தோம். ஒரு லாரி ஓட்டுநர் இறங்கிவந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எங்கம்மா போட்டது இது?"

"காஞ்சிபுரம்ணா" என்றாள் மேரி, டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே.

"அதான பாத்தேன்!" என்றார் அவர். என்னை அறியாமல் வண்டியை நானும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

10.30, துறைமுகச் சரக்குக் கிடங்கு. வழியிலிருந்தே போன் செய்திருந்ததால், கப்பல் முகவர் எங்கள் இருவருக்கும் அனுமதிச்சீட்டு வாங்கி வைத்திருந்தார். சுங்க அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"கறுப்புன்னு போட்டிருக்கு. இது மெரூனா இருக்கே? பழைய கலருக்குக் கொண்டுவாங்க, அப்புறம் பார்க்கலாம்."

மேரி முன்னால் வந்தாள்.

"சார், புக்குல இன்னா கேட்டிருக்குது? பாடி கலர்தான?"

"ஆமா."

"பாடி கறுப்புதான் சார். இது பார்டர். சேல எடுக்கறப்ப பாடி இன்னா, பார்டர் இன்னான்னு தனித்தனியாத்தான சொல்லுவாங்க? பார்டர் அரக்குன்னா சேலயே அரக்காயிடுமா?"

அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். "காஞ்சிபுரமா? எங்க வீட்டம்மாவும் இப்படித்தான் பேசுவாங்க" என்றவர், சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். "கலரை விடுங்க. சேசிஸ் நம்பர் என் கண்ணால பார்க்கணும்."

எண் முன்கழுத்தில், ரேக்குக்கு அடியில் இருந்தது.

மேரி மண்டியிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த கத்தியின் முனையால் ஒரே ஒரு கோபுரத்தைச் சுற்றி வெட்டினாள். இரவு முழுக்க உட்கார்ந்து ஒட்டியதை நகத்தால் மெல்ல மெல்ல உரித்தாள். பெயின்ட் வரவில்லை. கறுப்பு இரும்பில் எண் பளிச்சென்று தெரிந்தது. அதிகாரி குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் தள்ளி நின்று பார்க்காமலே கூடவே சொன்னேன். பதினேழும் எனக்கு மனப்பாடம்.

முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காலையில் கத்திவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே மேரி" என்றேன்.

"அத வுடுக்கா. இந்தத் துண்ட மறுபடி ஒட்டிரவா?"

"வேண்டாம். எண் தெரியட்டும்."

அவள் அந்தத் துண்டைத் தன் போனின் முதுகில் ஒட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினாள்.

மூன்று வாரம் கழித்து, கிள்ளான் துறைமுகம். எங்கள் ஊர் சுங்க அதிகாரி, ஒரு மலாய்ப் பெண், புத்தகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, "ஹித்தாம்?" என்றார். கறுப்பா என்று கேட்கிறார்.

"பாடி ஹித்தாம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

இப்போது ஈப்போவில் சிக்னலுக்குச் சிக்னல் எங்கே போட்டது என்று கேட்கிறார்கள். காஞ்சிபுரம் என்கிறேன். கழுத்தில் ஒரு பல் குறைகிறதே என்று சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அது செவிலிமேட்டில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று சொல்கிறேன்.