வாய் விடாத மொட்டு

எங்கள் குன்னூர் வீட்டு வாசலில் ஒரு பழைய ரோஜா இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் செடி என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். இளஞ்சிவப்புப் பூ, இதழ்கள் அடுக்கடுக்காக, எண்ணி மாளாது. நல்ல வெயில் காய்ந்தால் மணம் சமையலறை வரை வரும். ஐப்பசியில் அது நடக்காது. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் நாள்கணக்கில் ஏறாது. மொட்டின் வெளி இதழ்கள் நனைந்து, பசை தடவிய காகிதம்போல ஒட்டிக்கொள்ளும். உள்ளிருப்பவை விரியப் பார்க்கும், வழி இருக்காது. மொட்டு பழுப்பாகி, காம்பிலேயே தொங்கும். 'வாய் விடல' என்பார்கள்.

என் மகனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. அவனும் வாய் விடவில்லை.

கோவையில் காது பார்த்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. பேசிக்கொண்டே இருங்கள், வருவான் என்றார் டாக்டர். பேசினேன். நானே பேசுவதால்தான் அவனுக்கு இடமில்லையோ என்று நிறுத்தினேன். நிறுத்தியது தப்போ என்று பயந்தேன். செடியிடமும் இப்படித்தான். மழைக்கு மறைப்பாக பிளாஸ்டிக் தாள் கட்டினேன். உள்ளே வேர்த்து, மொட்டுகள் இன்னும் சீக்கிரம் அழுகின. அதை அவிழ்த்துவிட்டு, காலையில் ஒவ்வொரு கிளையாக நீரை உதறினேன்.

தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா; அவரை வளர்த்தவர். வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"இந்தக் குளுருல நாக்கு எப்படிப் பெரளும்? ஞாயித்துக்கிழமை நான் போறப்ப கூட்டிட்டுப் போறேன். ஒரு வருசம் எங்க ஊட்ல இருக்கட்டும்."

கணவர் செய்தித்தாளை மடித்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமுங்க அண்ணி," என்றேன்.

"மூணு வருசம் பாத்தாச்சே. மொட்டையும் பாத்துட்டே நிக்கற, பையனையும் பாத்துட்டே நிக்கற."

மறுநாள் காலை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு செடியருகே போனார். ஒரு மொட்டைக் கிள்ளி நசுக்கினார். பழுப்பு நீர் விரலில் வழிந்தது.

"பாத்தியா சாமி, உன்னையாட்டவே. வாய் விடல. அழுகிப் போச்சு."

தூர எறிந்துவிட்டுச் சிரித்தார். அவன் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் இது நடந்தது. வேண்டாமுங்க என்று சொல்ல வந்தேன். மூத்தவர், விருந்துக்கு வந்தவர் என்று டீ போட உள்ளே போனேன்.

ஒரே ஒருமுறை கேட்டேன்: "நீங்க ரெண்டு தடவை இங்கிருந்து பதியன் கொண்டு போனீங்களே, பூத்துதுங்களா?"

திருப்பூர் வெயிலில் அது இலையாகவே ஓடியது, மொட்டு கட்டவில்லை. இந்த ரோஜாவுக்கு ஒரு குளிர்காலம் வேண்டும். தெரிந்துதான் கேட்டேன்.

"ஏம்மா, புள்ளையும் ரோஜாவும் ஒண்ணா? படிச்சவ பேசற பேச்சா இது?"

கணவரும் சேர்ந்து சிரித்தார்.

சனிக்கிழமை மஞ்சு சற்று விலகியது. ஒரு மொட்டு மட்டும் நுனியில் அவிழத் தொடங்கியிருந்தது. மகன் என் கையை உதறிக்கொண்டு போய் அதைப் பிய்த்தான். நசுக்கினான். எறிந்தான்.

"போச்சு," என்றான்.

அவன் குரல் எப்படி இருக்கும் என்று மூன்று வருடமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைத்ததைவிடக் கட்டையாக இருந்தது.

"கேட்டியாடா?" என்று அண்ணி தன் தம்பியைக் கூப்பிட்டார். "நான் வந்து முழுசா ஒரு வாரம் ஆகல. இவகிட்ட மூணு வருசம் இருந்தானே."

பேசாத பையனுக்காக நான் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருப்பேன். பேசிவிட்ட பையனைப் பிடித்து வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

ஞாயிறு காலை பையில் நான் அடுக்கியிருந்த ஸ்வெட்டர்களை அண்ணி எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "அந்த வெயில்ல இது எதுக்கு?" கணவர் பையைக் காரில் வைத்தார். "ஒரு வருசந்தானே," என்றார் என்னைப் பார்க்காமல்.

இப்போது தினமும் போனில் பார்க்கிறேன். நிறையப் பேசுகிறான். அம்மா என்று முதலில் சொன்னதும் போனில்தான். திரையின் ஓரத்தில் அண்ணியின் தோள் மட்டும் தெரிந்தது. "அம்மா சொல்லு கண்ணு, அம்மா," என்றார்.

"அம்மா," என்றான், முகத்தை அந்தத் தோள் பக்கம் திருப்பி.